முன் பிரேக்குக்கு ஏர் எடுக்கிற சாமான்

பயப்படாதீங்க, இது மனுஷனுக்குப் போடுகிற ஊசி இல்லை. நான் டாக்டரும் இல்லை. மேட்டுப்பாளையத்தில் ஏறினதிலிருந்து நீங்க இந்தப் பையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வருகிறீங்க. சொல்லிவிட்டால் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. இது சைக்கிள் பிரேக்கில் ஏர் எடுக்கிற சாமான். ஆமாங்க, சைக்கிள்தான்.

மணி என்னங்க ஆச்சு? நாலரையா? இந்த வண்டி கோத்தகிரி போய்ச் சேர ஆறாகிவிடும் போலிருக்கு. டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் நின்று யோசித்துத்தான் திருப்புகிறார்.

என் மகள் மயூரி கோத்தகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லித் தருகிறாள். இருபத்திரண்டு வயசு. மலைச் சைக்கிள் ஓட்டுவாள். ரோட்டில் இல்லைங்க. தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே ஒற்றையடிப் பாதை இருக்கும் பாருங்க, கல்லு, வேரு, பள்ளம் எல்லாம் தாண்டி மேலேயிருந்து கீழே இறங்குவாள். நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கு அங்கே மாநில அணிக்கு ஆள் எடுக்கிறாங்க. இருபத்து மூணு வயசுக்குக் கீழே இருப்பவர்களுக்கு. அவளுக்கு இதுதான் கடைசி வருஷம். அந்தச் சைக்கிளின் முன் பிரேக் நாலு மாசமாகச் சரியில்லை. அதைச் சரிபண்ணத்தான் போகிறேன்.

நாலு மாசமாக என்ன பண்ணினீங்க என்று கேட்காதீங்க. எல்லாரும் அதையேதான் கேட்கிறாங்க. என் வீட்டுக்காரி அம்சவேணி தினம் மூணு வேளை, சாப்பாட்டோடு சேர்த்துக் கேட்கிறாள். நான் சும்மா இருக்கவில்லைங்க. சரியான சாமானைத் தேடிக்கொண்டிருந்தேன். அதைத்தான் யாரும் புரிந்துகொள்வதில்லை.

உங்களுக்குப் பம்ப்செட் தெரியுங்களா? தோட்டம் உண்டா? அப்போ சுலபம். மோட்டார் ஓடும், தண்ணி வராது. என்ன சொல்வோம்? ஏர் பிடிச்சிருச்சு என்போம். குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் அது அமுங்கும், விரியும், தண்ணியைத் தள்ளாது. இந்தச் சைக்கிள் பிரேக்கும் அப்படித்தான். இதில் கம்பி கிடையாது. கைப்பிடியில் லீவர், உள்ளே எண்ணெய். அமுக்கினால் எண்ணெய் மெல்லிசான குழாய் வழியாக ஓடிச் சக்கரத்தின் நடுவிலுள்ள தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். எண்ணெய் அமுங்காது. காற்று அமுங்கும். ஒரு குமிழி உள்ளே போனால் போதும், லீவர் பஞ்சு மாதிரி ஆகிவிடும். கைப்பிடியில் போய் முட்டும், சக்கரம் நிற்காது. அந்தக் குமிழியை வெளியே எடுப்பதற்குத்தான் இந்த ஊசி. கீழேயிருந்து புது எண்ணெயை ஏற்ற வேண்டும். மேலே ஒரு கிண்ணம் வைத்துக் காற்றையும் பழைய எண்ணெயையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை. அரை மணி நேரம்.

ஆனால் என்ன சாமானில் செய்கிறோம் என்று இருக்கிறதில்லையா?

நான் முப்பத்தொரு வருஷம் கோயமுத்தூர் கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் சரக்குப் பரிசோதனை. வெளியிலிருந்து எந்தப் பொருள் வந்தாலும், வாசலில் என் மேஜையைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும். பேரிங், சீல், வார்ப்பு, எல்லாம். அளந்து பார்ப்பேன், சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு, இல்லையென்றால் சிவப்புச் சீட்டு. நான் பச்சைச் சீட்டு ஒட்டிய ஒரு பொருள்கூட அப்புறம் திரும்பி வந்ததில்லை. இதைச் சொன்னால் அம்சவேணி, "ஏனுங்க, நீங்க ஒட்டினாத்தானே அது திரும்பி வர்றதுக்கு" என்பாள். நக்கல். பெண்டாட்டி நக்கல் பண்ணினால் பதில் சொல்லக் கூடாது, விட்டுவிட வேண்டும்.

பொங்கலுக்கு மறுவாரம் மயூரியைப் பார்க்கப் போனேன். அவள் சைக்கிளை அப்போதுதான் முதல்தடவை பக்கத்தில் பார்க்கிறேன். அவளே சம்பாதித்து வாங்கினது. நல்ல வண்டிங்க, குறை சொல்ல முடியாது. லீவரை அமுக்கிப் பார்த்தேன், கெட்டியாக இருந்தது. ஆனால் அமுக்கிப் பார்த்து முடிவு செய்வது பரிசோதனை ஆகுமா? உள்ளே இருக்கிற எண்ணெய் எப்படி இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? அவள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். நான் லீவர் மேலே இருந்த சின்னத் திருகைக் கழற்றி, மருந்துக் கடையில் ஒரு ஊசி வாங்கி, இரண்டே மில்லி எடுத்தேன். சாம்பிள். எங்கள் கம்பெனியில் எந்தப் பீப்பாய் வந்தாலும் முதலில் சாம்பிள் எடுக்காமல் உள்ளே விடமாட்டோம். ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, மூடி, தேதி எழுதி வைத்தேன். எண்ணெய் அருமையான நிறம். திருகை மாட்டினேன். அப்புறம் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரம் கோணல் இல்லாமல் சுற்றுகிறதா என்றும் பார்த்தேன். கோணலே இல்லை.

மறுநாள் காலை அவள் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் இறங்குகிறாள். முன் பிரேக் பிடிக்கவில்லை. லீவர் கைப்பிடியில் போய் முட்டுகிறது. பின் பிரேக்கை வைத்து, இரண்டு காலையும் தரையில் தேய்த்து, ஒரு கேரட் வண்டிக்கு நாலடி முன்னால் நிறுத்தியிருக்கிறாள். ஷூவின் அடிப்பாகம் தேய்ந்தே போய்விட்டது. பாருங்க, நான் சரியான நேரத்தில் போயிருக்கிறேன். போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

"நேத்து வரைக்கும் நல்லாத்தான்ப்பா இருந்துச்சு" என்றாள்.

நான் சிரித்தேன். முப்பத்தொரு வருஷத்தில் திரும்பி வந்த ஒவ்வொரு பம்ப்புக்கும் வாங்கினவர் சொன்னது அதைத்தான். நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சுங்க. எல்லாப் பொருளும் நேற்று வரைக்கும் நல்லாத்தான் இருக்கும்.

பின் பிரேக்கிலும் ஒரு சாம்பிள் எடுத்துவிடுகிறேன் கண்ணு என்றேன். அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்து அறையில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

கோயமுத்தூர் கடைக்குக் கொடுத்துவிடலாம் என்றாள். நான் ஒரு கடையைப் போய்ப் பார்த்தேன். ஒரே ஊசியை எல்லா வண்டிக்கும் போடுகிறான். இதில் இரண்டு விதமான எண்ணெய் இருக்குங்க. ஒன்று மோட்டார் சைக்கிளில் ஊற்றுகிற பிரேக் ஆயில். இன்னொன்று மினரல் ஆயில். மயூரி வண்டிக்கு மினரல் மட்டும்தான். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் ஊறி உப்பிவிடும், அப்புறம் பிரேக்கையே தூக்கிப் போட வேண்டியதுதான். ஒரு சொட்டுக்கூடக் கலக்கக் கூடாது. அதனால் அப்பாவே செய்து தருகிறேன், சாமான் வரட்டும், அதுவரை முன் பிரேக்கைத் தொடாதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் செட்டை போனில் பார்த்து வரவழைத்தேன். பித்தளை மூட்டில் மரை சுத்தமாக இல்லை, நகத்தை வைத்தால் பிசிறு மாட்டுகிறது. திருப்பி அனுப்பினேன். இரண்டாவது செட்டோடு வந்தது மோட்டார் சைக்கிள் எண்ணெய். பிரிக்கவே இல்லை, அப்படியே திருப்பினேன். அதில் நான் செய்தது தப்பா சொல்லுங்க. மூணாவது செட் பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் ஊசியின் உள்ளே தள்ளுகிற கட்டையில் கறுப்பு ரப்பர் இருக்கும் பாருங்க, அது என்ன ரப்பர் என்று எங்கேயும் எழுதவில்லை. மினரல் எண்ணெயில் ஊறப் போட்டுப் பார்த்தால்தானே தெரியும்? அம்சவேணியின் ஊறுகாய் ஜாடியில் எண்ணெய் ஊற்றிப் பத்து நாள் ஊறப் போட்டேன். வெர்னியர் வைத்து அளந்தேன். கால் மில்லிமீட்டர் உப்பியிருந்தது. பத்து நாளில் கால் மில்லிமீட்டர்.

"அரை மணி நேர வேலைக்கு எதுக்குங்க பத்து நாள் ஊற வெக்கறீங்க?" என்றாள் அம்சவேணி. "என்ர ஜாடி போச்சு."

ஜாடிதான் அவளுக்குப் பெரிசு.

இதோ குஞ்சப்பனை செக்போஸ்ட். இறங்க வேண்டாம், பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வாங்க சார், இது தண்ணி பாட்டில் இல்லைங்க, எண்ணெய். ஊசிங்களா? சைக்கிளுக்கு. ஆமாங்க, சைக்கிளுக்குத்தான். இவரைக் கேளுங்க, இவருக்கு எல்லாம் சொல்லியிருக்கிறேன்... போய்விட்டார். நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை.

எங்கே விட்டேன்? நாலாவது செட். அதில் எல்லாமே சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. ஏர் எடுக்கும்போது சக்கரத்தைக் கழற்றிவிடுவோம். அப்போது இரண்டு பக்கமும் கவ்வுகிற பகுதிக்கு நடுவே ஒரு கட்டை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருப்பது வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும். அந்தக் கட்டை பத்து மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வந்தது ஒன்பது புள்ளி ஆறு. என் கூட்டாளி குழந்தைவேலுவின் லேத்தில் போய் நைலானில் புதுசாக ஒன்று கடைந்து வாங்கினேன். அதுவும் முதலில் பத்து புள்ளி ஒன்று வந்தது. மறுபடி கடையச் சொன்னேன். "யோவ் நாச்சிமுத்து, இதை வெச்சு ராக்கெட்டா விடப்போற?" என்றான். அவனுக்கு ஒரு மகள் மலையிலிருந்து இறங்குகிறாளா? இல்லை.

இப்படித்தாங்க நாலு மாசம். அவள் அதுவரை பின் பிரேக்கை மட்டும் வைத்துக்கொண்டே பயிற்சி எடுத்தாள். பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் சக்கரம் வழுக்கும். இரண்டு தடவை விழுந்தாள். முழங்கையில் ஆறு தையல். பயிற்சியாளர், இப்படி ஓட்டினால் இறங்க எடுக்கிற நேரம் குறையவே குறையாது என்று சொல்லிவிட்டாராம். போன வாரம் போன் பண்ணி, "ப்பா, சனிக்கிழமைக்குள்ள நீங்க கொண்டுட்டு வரணும். இல்லீன்னா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. அதான் இன்றைக்குப் புறப்பட்டுவிட்டேன். இந்த ஊசி மூணாவது செட்டில் இருந்தது, ரப்பரை மட்டும் மாற்றிவிட்டேன். கிண்ணம் நாலாவது. குழாய் நானே தேடிப் பிடித்தது, உள்ளே குமிழி போவது தெளிவாகத் தெரியும். உங்கள் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது? தெளிவாகத்தானே இருக்கு? வெளிச்சத்தில் பார்த்தால் இந்த ஓரத்தில் லேசாக ஒரு மஞ்சள். பஸ்ஸில் உட்கார்ந்ததிலிருந்து அது என்னை உறுத்துகிறது. மேட்டுப்பாளையத்திலேயே பார்த்திருந்தால் மாற்றியிருப்பேன்.

ஒரு நிமிஷம். போன். அவள்தான்.

சொல்லு கண்ணு... குஞ்சப்பனை தாண்டியாச்சு... எல்லாம் இருக்கு, ஊசி, கிண்ணம், கட்டை, எண்ணெய், குழாய்தான் ஒரு ஓரத்துல கொஞ்சம்... என்னது?... யாரு?... எப்ப?... எந்த ஊசில?... எண்ணெய் மினரல்தானா, மூடியில என்ன எழுதியிருக்குன்னு பார்த்தியா?... சரி... சரி கண்ணு... இல்ல இல்ல, கோவமெல்லாம் இல்ல... ஹலோ. ஹலோ.

வளைவில் சிக்னல் போய்விட்டதுங்க.

ஏர் எடுத்துவிட்டாளாம். காலையிலேயே. குன்னூரிலிருந்து ஜெசிந்தா என்று ஒரு பெண், அவளும் நாளைக்கு ஓட்டுகிறவள்தான், அவள் தன்னுடைய செட்டைக் கொண்டுவந்திருக்கிறாள். இரண்டு பேரும் உட்கார்ந்து இருபத்தைந்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்களாம். லீவர் கல்லு மாதிரி இருக்காம். மத்தியானம் முழுக்க ஏழு தடவை இறங்கிப் பார்த்திருக்கிறாள். இத்தனை நாளில் இல்லாத வேகமாம். சிரித்துக்கொண்டே சொல்கிறாள்.

நல்லதுதானே என்கிறீங்க. நல்லதுதாங்க. யார் இல்லை என்றது? ஆனால் யார் பார்த்தது? அந்தப் பெண்ணின் ஊசியில் என்ன ரப்பரோ. கட்டை எத்தனை மில்லிமீட்டரோ. போட்டிக்கு வருகிற பெண் கொடுத்த எண்ணெய். நான் அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை. நான் போய் லேசாக ஒரு தடவை பார்த்துவிட்டால் முடிந்தது. பிரிக்க வேண்டியதே இல்லை. மேலே இருக்கிற அந்தச் சின்னத் திருகை மட்டும் எடுத்துவிட்டு, ஒரே ஒரு சாம்பிள். இரண்டு மில்லி.

ஏனுங்க அப்படிப் பார்க்கிறீங்க?

என்ன கேட்கிறீங்க? நான் எண்ணெய் எடுத்ததனாலதான் காத்து புகுந்திருக்குமா? இரண்டு மில்லியிலா? நல்லா கேட்டீங்க போங்க. நான் என்ன பட்டறையில் நேற்றுச் சேர்ந்தவனா? சாம்பிள் எடுப்பது என்றைக்காவது பொருளைக் கெடுக்குமா? அது கெட்டுப்போக வேண்டிய நேரம், கெட்டது. நான் அன்றைக்கு இருந்தேன், அவ்வளவுதான். அப்படிப் பார்த்தால் பின் பிரேக்கும் அதே நாளில் வாங்கினதுதான், அதே கம்பெனி, அதே எண்ணெய். அது இன்றைக்கு வரைக்கும் கல்லு மாதிரி இருக்கு. அதை நான் பார்க்கவே இல்லைங்களே. பூட்டி வைத்துவிட்டாளே.

...

அந்த ஜன்னலைக் கொஞ்சம் மேலே தள்ளுங்க. காற்று வரட்டும்.

இல்லைங்க, வாந்தியெல்லாம் இல்லை. வளைவு பழக்கம்தான்.

மணி அஞ்சேகால். முள்ளூர் தாண்டியாச்சா? தாண்டியாச்சு.

மறுபடி அவள்தான். இருங்க.

சொல்லு கண்ணு... ம்... ம்... இல்ல, நான் வந்து பார்த்துட்டு... சும்மா பார்க்கத்தான்... தொடாம எப்படிச் சொல்றது கண்ணு?... சரி, போனைப் பக்கத்துல வெச்சு அமுக்கு... மறுபடி... இன்னும் ஒரு பத்து தடவை அமுக்கு... கைப்பிடிக்கும் லீவருக்கும் நடுவுல எத்தனை விரல் நிக்குது?... அப்படியே பிடிச்சுட்டு இருபது எண்ணு, உள்ள எறங்குதான்னு பாரு... எறங்கலியா... தலைகீழா நிறுத்தினியா?... நிறுத்தாத. நிறுத்த வேண்டாம்... இன்னொரு தடவை மட்டும் அமுக்கு... சரி... சரி, இனி அமுக்கச் சொல்லலை.

...

எறங்கு கண்ணு. நாளைக்கு இதுலயே எறங்கு.

... ஆமா. நாந்தான் சொல்றேன்... அழுவறியா? எதுக்கு?... சரி, போனை வெய்யி.

என்ன கேட்டாள் தெரியுங்களா? "நாளைக்கு நான் இந்த பிரேக்கோட எறங்கட்டுமா, வேண்டாமா? நீங்க வேண்டாம்னா போகல. ஆனா தொடாம சொல்லுங்கப்பா" என்றாள். போட்டிக்கே போகமாட்டாளாம், நான் வேண்டாம் என்றால். என்ன பேச்சு அது? முப்பத்தொரு வருஷத்தில் பொருளைக் கையில் எடுக்காமல், அளக்காமல், நான் ஒன்றுக்கும் சரி சொன்னதில்லைங்க. போனில் சத்தத்தைக் கேட்டு ஒருத்தன் சரி சொல்வானா? என் மேஜையில் வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் வேலையைவிட்டே அனுப்பியிருப்பேன்.

இருங்க, இந்தக் குழாயைப் பைக்குள்ளேயே வைத்துவிடுகிறேன்.

நாளைக்கு ஏதாவது ஆனால் என் பேரில்தான். நான்தான் இறங்கு என்றேன். இதுவரைக்கும் என்ன ஆனாலும் நான்தான் வேண்டாம் என்றேனே என்று சொல்லலாம். இப்போது அது முடியாது. நீங்களே சாட்சி, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான் சொன்னேன்.

இப்போது என்ன யோசிக்கிறேன் என்றால், ஆறு மணிக்கு அவள் அறைக்குப் போவேன். சைக்கிள் அங்கேயே சுவரில் சாய்ந்திருக்கும். அவள் டீ போட அடுப்புப் பக்கம் போவாள். ஒரு அஞ்சு நிமிஷம். எனக்கு என்னைத் தெரியாதா? என் கை சும்மா இருக்காதுங்க. தப்பு நடக்கும் என்று சொல்லவில்லை, நான் எதையும் கெடுத்தவன் இல்லை. ஆனால் எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. ஒரு பொருளைச் சரி என்று சொல்லிவிட்டால், அது உள்ளே போய்விட வேண்டும், சொன்னவன் வாசலிலேயே நின்றுவிட வேண்டும். பின்னாலேயே போய்த் திறந்து பார்க்கக் கூடாது.

அது என்ன ஊர், வெளிச்சம் தெரிகிறது? அரவேணுவா?

கண்டக்டர், அரவேணுவில் நிறுத்துங்க. ஆமாங்க, டிக்கெட் கோத்தகிரிக்குத்தான் எடுத்தேன், பரவாயில்லை. கீழே போகிற பஸ் இங்கே நிற்கும்தானே? மேட்டுப்பாளையத்தில் என் தங்கச்சி வீடு இருக்கு. நாளைக்குக் காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன், ஒன்பது மணிக்குத்தானே ஓட்டம். நேராக முடிகிற இடத்தில் போய் நிற்கிறேன். வேலிக்கு இந்தப் பக்கம்.

கொஞ்சம் காலை ஒதுக்குங்க. பை பெரிசு, மேலே இடிக்கும்.

நீங்க கோத்தகிரிதானே? ஸ்டாண்டில் ஒரு பெண் நிற்பாள். கறுப்பு, நல்ல உயரம், முழங்கையில் தையல் தழும்பு. என்னைத் தேடுவாள். அப்பா அரவேணுவிலேயே இறங்கிவிட்டார் என்று மட்டும் சொல்லுங்க.

ஏன் என்று கேட்கமாட்டாள்.